துளசி, புதினா எண்ணெய் புற்றுநோயைத் தீர்க்குமா? இலை வேறு, புட்டி எண்ணெய் வேறு

கெடாவின் பழைய தோட்டங்களில் லயத்து வாசலில் துளசி இருக்கும். தண்ணீர்க் குழாய் ஓரம் புதினா படர்ந்திருக்கும். வேலியோரம் கற்பூரவள்ளி தழைத்து நிற்கும். தோட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் டிரஸரைப் பார்ப்பதற்கு முன்னால், பிள்ளைகளின் சளிக்கும் இருமலுக்கும் வயிற்று உப்புசத்துக்கும் இந்த இலைகள்தாம் முதல் கைவைத்தியம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பீடோங் என்று வீடமைப்புப் பகுதிகளுக்கு மாறின. இந்தச் செடிகளும் பூந்தொட்டியில் ஏறிக் கூடவே வந்துவிட்டன.

இப்போது அதே செடிகளின் பெயரில் சிறு கண்ணாடிப் புட்டிகளில் எண்ணெய் விற்கிறது. இணையக் கடையில் ஒரு சொடுக்கில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. "புற்றுநோய் அணுக்களைக் கொல்லும் என்று ஆய்வில் தெரியவந்துள்ளது" என்ற வரியும் புலனத்தில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளில், அந்த வரியைப் படிப்பவருக்கு நம்பாமல் இருப்பது கடினம். சொல்வதோ நாம் பிள்ளைப் பருவத்திலிருந்து அறிந்த துளசியைப் பற்றி.

அந்த வரியில் பாதி உண்மை இருக்கிறது. சொல்லாமல் விட்ட மறுபாதி, நோயாளியின் உயிரோடு தொடர்புடையது.

ஒரே குடும்பத்துச் செடிகள்

துளசி, புதினா, கற்பூரவள்ளி, திருநீற்றுப்பச்சை, மலாய்க்காரர்கள் சிறுநீரகத்துக்கு நல்லதென்று குடிக்கும் பூனைமீசை ஆகிய எல்லாம் தாவர அறிவியலில் ஒரே குடும்பம். அதைப் புதினாக் குடும்பம் என்பார்கள். வெளிநாட்டு லாவெண்டரும் ரோஸ்மேரியும் இதே குடும்பத்தில்தான் சேரும். இவற்றின் தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் பெரும்பாலும் நான்கு பக்கம் கொண்ட சதுரமாக இருக்கும். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக முளைக்கும். இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய எண்ணெய்ப் பைகள் உண்டு. இலையைக் கசக்கும்போது அவை உடைவதால்தான் மணம் வருகிறது.

அந்த மணம் செடி தன்னைப் பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காத்துக்கொள்ள உண்டாக்கிய வேதிப்பொருள்களின் கலவை. குளிர்ச்சியான புதினா வகைகளில் மெந்தால் இருக்கிறது. துளசியில் கிராம்பு வாசனை தருவது யூஜினால். கற்பூரவள்ளியில் பெயரில்தான் கற்பூரம் உண்டு. அதன் காரமான மணத்துக்குக் காரணம் கார்வக்ராலும் தைமாலும். ஓமத்தின் மணமும் தைமாலால் வருவதுதான். அதனால்தான் அந்தச் செடிக்கு ஓமவல்லி என்ற பெயரும் வந்தது.

ஒரு செடி தன்னைக் காக்க உண்டாக்கும் பொருள் பூச்சியைக் கொல்லும் என்றால், அதே பொருள் வேறு உயிரணுக்களையும் தாக்கக்கூடும். புற்றுநோய் ஆய்வாளர்களை இந்தச் செடிகளின் பக்கம் திருப்பியது இந்தக் குணம். எண்ணெயில் இருக்கும் ஆபத்தும் இதே குணத்திலிருந்துதான் வருகிறது.

பாட்டி காய்ச்சிய தைலம் வேறு

எண்ணெய் என்ற ஒரே சொல் பலரைக் குழப்புகிறது. பாட்டி காய்ச்சிய தைலத்தில் பெரும்பகுதி நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோதான். அதில் ஒரு கைப்பிடி இலை போட்டுக் கொதிக்கவைப்பார்கள். இலையின் சாரம் அதில் மிகச் சிறிதளவே இறங்கும்.

கடையில் எசென்ஷியல் ஆயில் என்று விற்கும் நறுமண எண்ணெய் அப்படிப்பட்டதன்று. தழையைப் பெரிய கலத்தில் அடைத்து, அதனூடே நீராவியைச் செலுத்துவார்கள். ஆவியோடு மணப்பொருள்கள் மேலே வரும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் தண்ணீர் ஒரு பக்கமும் எண்ணெய் ஒரு பக்கமும் பிரியும். அந்த எண்ணெயில் நல்லெண்ணெய் ஒரு துளியும் இல்லை. முழுக்க முழுக்க செடியின் வேதிப்பொருள்தான்.

நூறு கிலோ புதினாத் தழையிலிருந்து அரைக் கிலோ அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக எண்ணெய் கிடைக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ ஒரு கிலோ தழைக்குச் சமம். ஒரு கிலோ புதினாவை ஒரே மூச்சில் யாரும் தின்ன முடியாது. ஆனால் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஒரே மடக்கில் விழுங்கிவிட முடியும். துளசி இலை மென்று பழகியவர்கள் துளசி எண்ணெயையும் அதே நம்பிக்கையோடு குடிக்கும்போது, இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்ன?

ஆய்வுக்கூடங்களில் புற்றுநோய் அணுக்களைத் தட்டில் வளர்க்கிறார்கள். 1951-ல் அமெரிக்காவில் ஒரு பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து எடுத்த ஹீலா அணுக்கள் இன்றும் உலகெங்கும் வளர்க்கப்படுகின்றன. மார்பகப் புற்றுநோய்க்கு எம்சிஎஃப்-7 என்ற அணு வகை உண்டு. இவற்றின் மேல் துளசி எண்ணெயையோ கற்பூரவள்ளி எண்ணெயையோ பல அளவுகளில் விட்டு, எந்த அளவில் பாதி அணுக்கள் சாகின்றன என்று பார்ப்பார்கள். புதினாக் குடும்பத்தின் பல எண்ணெய்கள் இந்தச் சோதனையில் அணுக்களைக் கொல்கின்றன. யூஜினாலும் கார்வக்ராலும் அணுவின் மேலுறையைச் சிதைக்கின்றன. அணு தானாகவே சாகும் வழியையும் தூண்டுகின்றன. இதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் தட்டில் அணுக்களைக் கொல்ல உப்போ சவர்க்காரமோகூடப் போதும். மருந்தாக வேண்டுமானால் ஒரு பொருள் இன்னும் மூன்று சோதனைகளில் தேற வேண்டும்.

முதலாவது, புற்றுநோய் அணுவைக் கொல்லும் அளவு நல்ல அணுவைக் கொல்லாமல் இருக்க வேண்டும். நறுமண எண்ணெய்கள் பலவற்றில் இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பதில்லை.

இரண்டாவது, அந்தப் பொருள் கட்டி இருக்கும் இடத்துக்குப் போதிய அளவில் போய்ச் சேர வேண்டும். வாய்வழி விழுங்கியதைக் குடல் உறிஞ்சியதும் கல்லீரல் உடனே உடைக்கத் தொடங்கிவிடும். தட்டில் இருந்த அளவு இரத்தத்தில் சேர வேண்டுமென்றால், உடல் தாங்காத அளவு எண்ணெயைக் குடிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, அதைச் சாப்பிட்ட நோயாளிகள் சாப்பிடாதவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்கள் என்று காட்ட வேண்டும். துளசி, புதினா, கற்பூரவள்ளி எண்ணெய் எதுவும் இந்த மூன்றாவது படியைத் தாண்டியதில்லை.

மனிதர்களிடம் சோதித்த ஒன்று

அந்தப் படியின் அருகே வந்த ஒரு பொருள் பெரிலில் ஆல்கஹால். லாவெண்டர், புதினா, ஜப்பானியர் உணவில் சேர்க்கும் பெரிலா ஆகிய செடிகளின் எண்ணெயில் இது சிறிதளவு உண்டு. எலிகளுக்கு உண்டாக்கிய மார்பகக் கட்டிகளை இது சுருக்கியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிடைத்த இந்த முடிவுகள் பெரிய நம்பிக்கையைத் தந்தன. 1990-களில் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது.

முடிவு ஏமாற்றமாக இருந்தது. மார்பகம், சூற்பை, குடல், புரோஸ்டேட் எனப் பல வகை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. நாள்தோறும் பல மாத்திரைகள் விழுங்க வேண்டியிருந்தது. குமட்டலும் களைப்பும் தாங்காமல் பலர் நிறுத்தினர். பின்னர் பிரேசிலில் மூளைக் கட்டிக்கு மூக்கின் வழியாக உள்ளிழுக்கும் முறையில் ஆய்வு தொடர்ந்தது. எலிக்கு வேலை செய்த பொருள் மனிதருக்கும் வேலை செய்துவிடாது என்பதற்கு இந்தக் குடும்பத்திலேயே கிடைத்த சான்று இது.

அப்படியானால் செடியிலிருந்து புற்றுநோய் மருந்து வந்ததே இல்லையா? வந்திருக்கிறது. வீட்டு வாசலில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் நித்தியகல்யாணி, புதினாக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதிலிருந்து 1950-களின் இறுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரு மருந்துகள் இன்றும் அரசாங்க மருத்துவமனைகளில் கொடுக்கப்படுகின்றன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் பிழைத்ததற்கு வின்கிரிஸ்டின் ஒரு காரணம்.

ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க 500 கிலோவுக்கும் அதிகமான உலர்ந்த இலை தேவை. எடுத்த பிறகு நோயாளியின் உயரம், எடை பார்த்து மில்லிகிராம் கணக்கில் ஊசி வழியே ஏற்றுவார்கள். நித்தியகல்யாணி இலையை வீட்டில் அரைத்துக் குடித்தால் நஞ்சாகும். செடியில் மருந்து இருக்கிறது என்பதும், செடியே மருந்து என்பதும் ஒன்றல்ல.

எண்ணெய் தரும் நஞ்சு

புதினாக் குடும்பத்தில் பென்னிராயல் என்றொரு வெளிநாட்டுப் புதினா உண்டு. இங்கு வளர்வதில்லை, ஆனால் எண்ணெய் இணையத்தில் கிடைக்கும். 1978-ல் அமெரிக்காவின் கொலராடோவில் 18 வயதுப் பெண் ஒருவர் இந்த எண்ணெயை ஏறக்குறைய 30 மில்லி குடித்தார். கல்லீரல் செயலிழந்து, மருத்துவமனையில் உயிரிழந்தார்.

பென்னிராயலில் இருக்கும் புலிகோன் என்ற பொருளைக் கல்லீரல் உடைக்கும்போது, அதைவிடக் கொடிய பொருளாக அது மாறுகிறது. கல்லீரலைக் காக்கும் குளுட்டாதையோன் தீர்ந்துபோகிறது. பிறகு கல்லீரல் அணுக்கள் சாகத் தொடங்குகின்றன. பானடோல் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கினால் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. இரண்டுக்கும் ஒரே மாற்று மருந்தைத்தான் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள்.

1996-ல் வெளிவந்த ஒரு மருத்துவ அறிக்கை இன்னும் வேதனையானது. அமெரிக்காவில் இரண்டு கைக்குழந்தைகளுக்கு வீட்டில் வளர்ந்த புதினாவைக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் செடியில் புலிகோன் இருந்தது. ஒரு குழந்தை இறந்தது. மற்றொன்றுக்கு மூளை பாதிக்கப்பட்டது. கொடுத்தவர்கள் அன்போடு கொடுத்ததுதான்.

புலிகோன் நாம் அறிந்த புதினா எண்ணெய்களிலும் சிறிதளவு உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புலிகோனைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பட்டியலில் வைத்திருக்கிறது. 2018 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், செயற்கையாகத் தயாரித்த புலிகோனை உணவில் சேர்க்கும் அனுமதியைத் திரும்பப் பெற்றது. உணவில் சேரும் சிறிய அளவால் ஆபத்தில்லை என்றும், விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளைச் சட்டம் அனுமதிக்காததால் இந்த முடிவு என்றும் அது விளக்கியது.

துளசியிலும் இதே கதை உண்டு. துளசி எண்ணெயிலும் திருநீற்றுப்பச்சை எண்ணெயிலும் யூஜினாலோடு மெத்தில்யூஜினால் என்ற பொருளும் இருக்கும். செடியின் வகைக்கும் மண்ணுக்கும் ஏற்ப அதன் அளவு மிகவும் மாறும். 2023 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் அதே அமைப்பு, மெத்தில்யூஜினாலை 2ஏ பட்டியலுக்கு உயர்த்தியது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அதிக வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியல் அது. புற்றுநோயைக் கொல்லும் என்று குடிக்கும் எண்ணெயில், புற்றுநோய் உண்டாக்கும் என்று சந்தேகிக்கப்படும் பொருளும் சேர்ந்தே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு வாசலில் இருக்கும் துளசியைப் பிடுங்க வேண்டியதில்லை. கோயில் தீர்த்தத்தில் இரண்டு இலை, ரசத்தில் நான்கு இலை, பிரியாணியில் ஒரு கைப்பிடி புதினா, கற்பூரவள்ளி பஜ்ஜி இவற்றில் இருக்கும் எண்ணெய் மிக மிகக் குறைவு. தலைமுறைகளாக மக்கள் உண்டு பழகிய அளவு அது. ஆபத்து, நூறு கிலோவை அரைக் கிலோவாகச் சுருக்கிய எண்ணெயை நாள்தோறும் விழுங்குவதில் இருக்கிறது.

சிறு பிள்ளைகளுக்குக் கூடுதல் கவனம்

நம் வீடுகளில் கோடாலித் தைலம் இல்லாத அலமாரி குறைவு. அதில் மெந்தாலோடு கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் சேர்ந்திருக்கும். பெரியவர்கள் நெற்றியில் தடவிக்கொள்வதில் பெரிய தீங்கு இல்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கிலோ மேலுதட்டிலோ மெந்தால் உள்ள தைலத்தைத் தடவினால், தொண்டை இறுகி மூச்சு தடைபடக்கூடும். மூக்கு அடைத்திருக்கிறதே என்று தடவும் இடமும் அதுதான்.

குழந்தை தவறி எண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. இந்த எண்ணெய்கள் தண்ணீர்போல் இலேசானவை. வாந்தியின்போது நுரையீரலுக்குள் இறங்கி அங்கே புண்ணாக்கும். வாயைத் துடைத்துவிட்டு, புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

எதற்கு உதவும்?

நறுமண எண்ணெய்கள் பயனற்றவை என்று சொல்ல முடியாது. குடல் எரிச்சல் நோய்க்குப் புதினா எண்ணெய் அடைத்த உறையிட்ட மாத்திரையை மருத்துவர்களே பரிந்துரைக்கிறார்கள். ஒரு மாத்திரையில் 0.2 மில்லி அளவுதான் எண்ணெய் இருக்கும். கீமோதெரபி பெறுவோர் சிலருக்குப் புதினா வாசனையை முகர்வது குமட்டலையும் பதற்றத்தையும் ஓரளவு குறைக்கிறது. முகர்வதற்கும் விழுங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை மறக்கக் கூடாது.

சிகிச்சை பெறுகிறவர்கள் எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கீமோ மருந்துகளில் பலவற்றையும் நறுமண எண்ணெய்களையும் உடைக்கும் வேலை ஒரே கல்லீரலுக்குத்தான். ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுத்தால், மருந்தின் அளவு இரத்தத்தில் கூடிவிடலாம் அல்லது குறைந்துவிடலாம். திட்டுவார்களோ என்று மறைப்பதால் நோயாளிக்குத்தான் நட்டம்.

இழக்கும் மாதங்கள்

எண்ணெயின் நஞ்சைவிட அதிகம் பேரைப் பாதிப்பது அதனால் ஏற்படும் தாமதம். சுகாதார அமைச்சின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 2012 முதல் 2016 வரை மலேசியாவில் 115,238 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 63.7 விழுக்காட்டினர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் தெரிந்துகொண்டார்கள். 2017 முதல் 2021 வரையிலான அடுத்த கணக்கில் புதிய நோயாளிகள் 168,822 பேர். பிந்திய கட்டத்தில் வந்தவர்கள் 65.1 விழுக்காடு. மருத்துவமனைகள் பெருகியும் இந்த விழுக்காடு குறையவில்லை.

நாட்டின் அரசாங்க மருத்துவமனைகளில் 340 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் மாற்று மருத்துவம் எதையாவது பயன்படுத்தியிருந்தார்கள். அவர்கள் மருத்துவரிடம் வருவதிலும் நோய் உறுதியாவதிலும் தாமதம் அதிகமாக இருந்தது.

தாமதத்தின் விலை என்ன என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. பரவாத நிலையில் புற்றுநோய் கண்டறியப்பட்டும், மருத்துவச் சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய 281 பேரை அது ஆராய்ந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல்.

மார்பில் கட்டி தென்பட்ட ஒரு பெண், "முதலில் ஆறு மாதம் இதைக் குடித்துப் பார்க்கிறேன்" என்று சொன்னால், அந்த ஆறு மாதத்தில் கட்டி ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போய்விடக்கூடும். முதல் கட்டத்தில் குணமாகக்கூடிய நோய், நான்காம் கட்டத்தில் தள்ளிப்போட மட்டுமே முடியும் நோயாகிவிடுகிறது.

கெடா மக்கள் செய்யக்கூடியவை

புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை மலேசியாவில் 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமே தடுக்கிறது. அப்படி எழுதி விற்கும் புட்டியைக் கண்டால், அந்த ஒரு வரியே அதை வாங்காமல் இருக்கப் போதிய காரணம்.

உட்கொள்ளும் பாரம்பரிய மருந்தின் உறையில், எம்ஏஎல் என்ற எழுத்துகளில் தொடங்கி எட்டு எண்களுக்குப் பிறகு டி என்று முடியும் பதிவெண் இருக்க வேண்டும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிச் சரிபார்க்கலாம். பதிவெண் இருந்தாலும், அது புற்றுநோயைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றாகாது.

சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் அதை முற்றாக விட வேண்டும் என்பதில்லை. கெடா எல்லையை அடுத்த கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் 2007-ல் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டபோது, புற்றுநோயாளிகளுக்கு மூலிகைச் சிகிச்சை துணைச் சிகிச்சையாகவே சேர்க்கப்பட்டது. அறுவை சிகிச்சைக்கும் கீமோவுக்கும் அது மாற்றாக வைக்கப்படவில்லை. வீட்டிலும் அதே ஒழுங்கைப் பின்பற்றலாம்.

பணமும் போக்குவரத்தும் பலருக்குத் தடை. எஸ்டிஆர் உதவித்தொகை பெறுவோரும் அவர்களின் துணைவரும் 40 வயதைத் தாண்டியிருந்தால், பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல்நலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். புற்றுநோய் உறுதியாகி அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சையை முடிப்போருக்கு 1,000 ரிங்கிட் வரையும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையும் இத்திட்டத்தில் உதவி உண்டு. பலர் இதைக் கேட்டு வாங்குவதில்லை.

மார்பில் கட்டி, ஆறாத புண், காரணமில்லாமல் இளைப்பது, மலத்தில் இரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தப்போக்கு, மூன்று வாரத்தைத் தாண்டிய இருமல் ஆகிய எதுவும் வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயல்ல. அருகில் இருக்கும் கிளினிக் கெசிஹாத்தானுக்கு அந்த வாரமே போய்விட வேண்டும். அங்கிருந்து சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கோ அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா மருத்துவமனைக்கோ கடிதம் கொடுப்பார்கள். வரும் வழியில் வாசல் துளசியில் இரண்டு இலை கிள்ளி வாயில் போட்டுக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. எண்ணெய்ப் புட்டியை நம்பி அந்தப் பயணத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.